உழவருக்கு ஏற்ற மடக்குக் கத்தி: தேர்வு செய்வதும் பேணுவதும்

மண்வெட்டியோ அரிவாளோ வாங்கும்போது விவசாயிகள் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்தே வாங்குகிறார்கள். ஆனால் நாளொன்றுக்குப் பத்துத் தடவை கையில் எடுக்கும் சிறு கத்தியை வாங்கும்போது அந்தக் கவனம் இருப்பதில்லை. சந்தையில் பளபளப்பாகத் தெரியும் ஒன்று மடிக்கு வந்துவிடுகிறது. ஓரிரு மாதங்களில் அதன் வாய் மழுங்கி, அலகு ஆட்டம் கண்டு, கூரை இடுக்கில் போய்ச் சேருகிறது. அதன்பின் சணலைப் பல்லால் கடிப்பதும், உர மூட்டையின் தையலை அரிவாள் நுனியால் பிளப்பதும், சவர பிளேடை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு பந்தல் நாரை அறுப்பதுமாக வேலை நடக்கிறது. கையை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

சிறு விவசாயிக்குக் கைதான் முதல். நடவுக்கும் அறுவடைக்கும் நடுவில் ஒரு விரலின் தசைநார் அறுபட்டால் அந்தப் பருவமே கெடும். எனவே பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சாதாரணக் கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பிடிப்பது, எப்படிப் பேணுவது என்பதை உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியம்.

பூட்டில்லாத கத்தி என்பது என்ன?

மடக்குக் கத்திகளில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. திறந்தவுடன் அலகு அசையாதபடி தாழ் விழுந்து நின்றுகொள்பவை பூட்டுள்ள கத்திகள். தாழ் இல்லாமல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பவை பூட்டில்லாத கத்திகள். நம் ஊரில் பேனாக்கத்தி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. பறவை இறகைச் சீவி எழுதுகோலாகப் பயன்படுத்திய காலத்தில் அந்த இறகைச் சீவ உதவிய சிறு கத்தி என்பதால் இப்பெயர் வந்தது.

இதன் அமைப்பு மிக எளிது. கைப்பிடியின் முதுகுப்புறத்தில் நீளவாக்கில் ஓர் எஃகு ஸ்பிரிங் பட்டை இருக்கும். அலகின் அடிப்பாகம் தட்டையாக இழைக்கப்பட்டு, ஒரு ரிவெட் ஆணியில் சுழலும். கத்தி முழுவதும் திறந்ததும் ஸ்பிரிங் பட்டை அந்தத் தட்டைப் பரப்பின் மீது அழுந்தி அலகை நிறுத்தி வைக்கும். மூடியதும் அதே பட்டை அலகை உள்ளே பிடித்துக்கொள்ளும். அலகின் பக்கவாட்டில் நகத்தை வைத்து இழுக்க ஒரு சிறு பள்ளம் இருக்கும்.

ஸ்பிரிங்கும் இல்லாத மடக்குக் கத்திகளும் உண்டு. பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினல் என்பவர் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி அத்தகையது. அதில் பிடியின் இறுக்கமே அலகை நிறுத்தியது. 1955இல்தான் அதற்குப் பூட்டு வளையம் சேர்க்கப்பட்டது. ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தியிலும் பூட்டு கிடையாது. அலகின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். இவை பழக்கப்பட்ட கைக்குத்தான் ஒத்துவரும். புதிதாக வாங்குவோருக்கு முதுகு ஸ்பிரிங் உள்ள கத்தியே ஏற்றது.

நன்மைகளும் ஒரு குறையும்

பூட்டுள்ள கத்தி இருக்கும்போது பூட்டில்லாததை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். இதில் உறுப்புகள் குறைவு. வயலில் சேறும் புழுதியும் வைக்கோல் தூசியும் உள்ளே போவதைத் தடுக்க முடியாது. பூட்டின் சந்தில் தூசி அடைந்தால் அது பாதியில் நின்றுவிடும். வெளியே பூட்டியதுபோல் தெரிந்தாலும் உள்ளே சரியாக விழுந்திருக்காது. பூட்டை நம்பி அழுத்துகிறவருக்கு அதுவே ஆபத்தாகிறது. பூட்டில்லாத கத்தியைத் தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். விலையும் பொதுவாகக் குறைவு. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவருக்கும் பொருந்தும்.

குறை ஒன்று உண்டு. அலகின் முதுகுப்புறம் அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து அலகு மூடிக்கொள்ளும். அப்போது வாய்க்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருப்பது நம் விரல்கள். ஆனால் வாய்ப்புறமாக அழுத்தி வெட்டும்போது அலகு திறக்கும் திசையிலேயே தள்ளப்படுவதால் மூடுவதில்லை. ஆகவே இக்கத்தி இழுத்து அறுப்பதற்கு உரியது. குத்துவதற்கோ நெம்புவதற்கோ உரியதல்ல. இதை மனதில் பதித்துக்கொண்டால் குறை குறையாகவே இராது.

அளவும் அலகின் வடிவும்

அலகின் நீளம் 6 முதல் 7.5 செ.மீ., அதாவது இரண்டரை முதல் மூன்று அங்குலம் இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். கைப்பிடி 9 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும். நான்கு விரல்களும் பிடியில் அடங்காத குட்டைக் கத்தி வழுக்கும். அலகின் முதுகுக் கனம் சுமார் 2 மி.மீ. இருந்தால் நல்லது. அதைவிடக் கனமானது காயைப் பிளக்குமே தவிர அறுக்காது. மிக மெல்லியது வளையும்.

வடிவங்கள் பல இருப்பினும் விவசாயிக்குப் பயன்படுபவை மூன்று.

1. நேர் வாயும் மழுங்கிய நுனியும் உள்ளது. சணல், நார், சாக்குத் தையல் அறுக்க மிக வசதி. நுனி கூராக இல்லாததால் கால்நடை அருகில் வேலை செய்யும்போதும், வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போதும் ஆபத்து குறைவு. முதன்முதலாக வாங்குவோருக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

2. வாய் சற்று வளைந்து நுனி கூராக முடிவது. பழம், காய்கறி நறுக்கவும், தண்டைக் கீறிப் பார்க்கவும் ஏற்றது. எல்லா வேலைக்கும் ஒரே கத்தி வேண்டுவோர் இதை வாங்கலாம்.

3. கிளிமூக்குபோல் உள்நோக்கி வளைந்தது. இது கவாத்துக் கத்தி. வாழையிலை, திராட்சைக் குலை, இளங்கிளை போன்றவற்றை இழுத்து அறுக்கச் சிறந்தது. தீட்டுவது சற்றுக் கடினம்.

ஓர் அலகு உள்ள கத்தியே போதும். ஐந்தாறு கருவிகள் சேர்ந்த கத்தி பார்க்க அழகாக இருந்தாலும், ஒவ்வொரு அலகும் அழுக்கு அடையும் ஒரு சந்து என்பதை மறக்கக்கூடாது.

மா, சப்போட்டா, எலுமிச்சை முதலியவற்றில் ஒட்டுக்கட்டுபவர்கள் அதற்கெனத் தனிக் கத்தி வைத்திருக்க வேண்டும். ஒட்டுக்கத்தியின் வாய் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். அப்போதுதான் வெட்டு தட்டையாக விழுந்து, வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் இடைவெளியின்றிப் பொருந்தும். காலையில் சாக்குப் பிரித்த கத்தியால் மாலையில் ஒட்டுக்கட்டினால் ஒட்டு பிடிப்பது அரிது.

எஃகு எது?

கத்தியின் தரம் அதன் எஃகில் இருக்கிறது, பளபளப்பில் அல்ல. கடைகளில் கிடைப்பவை இருவகை.

முதலாவது கரி எஃகு. இதை நன்கு கூராக்கலாம், தீட்டுவதும் எளிது. ஆனால் துருப்பிடிக்கும். வாழைச்சாறு, மாங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்கும். கறுப்பு நிறம் கெடுதல் அல்ல. சிவந்த துருதான் கெடுதல். உள்ளூர்க் கொல்லர்கள் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்யும் கத்திகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பதம் சரியாக ஏற்றப்பட்டிருந்தால் இவை பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாவது துருப்பிடிக்காத எஃகு. இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்கும். இதிலும் இரண்டு உண்டு என்பதை வாங்குவோர் அறிய வேண்டும். கத்திக்கென்று செய்யப்பட்ட துருப்பிடிக்காத எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியும். ஆனால் குடமும் தட்டும் செய்யும் எவர்சில்வர் வகையைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. அதில் செய்த கத்தி கண்ணாடிபோல் மின்னும். பத்து நாளில் வாய் மடங்கிவிடும்.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த துண்டும் போதும். அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால், அல்லது மிக லேசாக மட்டும் இழுத்தால், அது பாத்திர எவர்சில்வர், வாங்க வேண்டாம். நன்றாக ஒட்டினால் அடுத்த சோதனைகளுக்குப் போகலாம். காந்தம் ஒட்டுவதால் மட்டும் கத்தி நல்லது என்று ஆகிவிடாது. கடினமாக்க முடியாத சில மலிவு எஃகுகளிலும் காந்தம் ஒட்டும். ஆகவே இது கெட்டதைக் கழிக்கும் சோதனையே தவிர நல்லதை உறுதி செய்யும் சோதனை அல்ல.

எப்போதும் ஈரத்தில் வேலை செய்பவர்களுக்கும், கடலோர உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கும் துருப்பிடிக்காத கத்தி எஃகு நல்லது. தினமும் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கரி எஃகே சிறந்தது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கத்தியை மெதுவாகத் திறக்கவும். கடைசியில் ‘டக்’ என்ற சத்தத்துடன் அலகு போய் நிற்க வேண்டும். சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பிரிங் வலுவற்றது.

2. திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். புதுக் கத்தியிலேயே ஆட்டம் இருந்தால் போகப்போகக் கூடுமே தவிரக் குறையாது.

3. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முதுகைப் பார்க்கவும். அலகின் அடிப்பாகமும் ஸ்பிரிங் பட்டையும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது.

4. மூடிய கத்தியைத் திறப்புப் பக்கம் கீழாக இருக்கும்படி பிடித்து உதறவும். அலகு வெளியே வரக்கூடாது. வந்தால் மடியில் இருக்கும்போதும் வரும்.

5. மூடிய நிலையில் அலகின் நுனி பிடிக்குள் முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். விரலால் மெல்லத் தடவினால் நுனி தட்டுப்படக்கூடாது.

6. கையை நனைத்துக்கொண்டு திறந்து பார்க்கவும். நகம் ஒடியும் அளவுக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் அதுவும் வேண்டாம். வீட்டில் பெண்களும் பயன்படுத்துவதானால் அவர்களையே திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

7. ரிவெட் ஆணிகள் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். துருத்திய ஆணி கையை உரசும்.

பிடி மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் பளிச்சென்ற சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் இருப்பது உத்தமம். புல்லிலும் வைக்கோலிலும் விழுந்தால் உடனே கண்ணில் படும். பிடியின் முனையில் வளையம் இருந்தால் கயிறு கோத்து இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொள்ளலாம்.

பிடிக்கும் முறை

புதுக் கத்தியைக் கையில் எடுப்பவர் கீழ்க்கண்ட விதிகளைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நுனியால் குத்தக்கூடாது. டின் மூடியை நெம்புவது, தேங்காய்க் கண்ணைத் துளைப்பது, திருகாணியைச் சுழற்றுவது ஆகியவை கூடவே கூடாது. அலகு மூடிக்கொள்ளும், அல்லது நுனி ஒடியும். ஒடிந்த நுனி தீவனத்தில் விழுந்தால் அது வேறோர் ஆபத்து. மாடு தீவனத்தை நன்கு மெல்லாமல் விழுங்குவதால் ஆணி, கம்பித்துண்டு, அலகு நுனி போன்றவை இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, சுவரைத் துளைத்து, அருகிலுள்ள இதயம் வரை செல்லக்கூடும். நல்ல கறவை மாட்டை இழப்பதற்கு அவ்வளவு சிறிய இரும்புத் துண்டே போதும்.

கத்தி சிக்கிக்கொண்டால் முறுக்கி இழுக்கக்கூடாது. வெட்டுப்பொருளை அசைத்து விடுவித்த பிறகே அலகை எடுக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்து அறுக்காமல் பலகையின் மீது வைத்து அறுக்க வேண்டும். மூடும்போது விரல்களைப் பிடியின் பள்ளத்திலிருந்து விலக்கி, அலகின் முதுகை மற்றொரு கையின் உள்ளங்கையால் தள்ள வேண்டும். இன்னொருவரிடம் கொடுக்கும்போது மூடிக் கொடுக்க வேண்டும். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்க முயலாமல் விழ விட்டுவிட வேண்டும்.

மின் மோட்டார் இணைப்பில் கத்தியை வைத்து வயரைச் சீவும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மின்சாரம் முழுவதும் நிறுத்தப்பட்டாலன்றிக் கத்தியை அங்கே கொண்டு போகக்கூடாது. கனத்த கிளை, வாழைத்தார், மட்டை ஆகியவை அரிவாளின் வேலை.

பயிரை அறுத்துப் பார்க்க

சிறு கத்தியின் பெரும்பயன் ஒன்று பலரால் உணரப்படவில்லை. பயிரின் நோயும் பூச்சியும் பெரும்பாலும் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. வெளியே நின்று பார்த்து மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், அறுத்துப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

நெல்லில் குருத்து காய்ந்தாலோ வெண்கதிர் தென்பட்டாலோ அந்தத் தூரின் தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே புழுவோ அதன் கழிவோ இருந்தால் தண்டுத்துளைப்பான் என்று உறுதி செய்யலாம்.

கரும்பில் தோகை மஞ்சளாகி வாடினால் ஒரு கழியை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உட்பகுதி சிவந்து, இடையிடையே குறுக்காக வெள்ளைத் திட்டுக்கள் இருந்து, புளித்த சாராய நெடி அடித்தால் அது செவ்வழுகல். அந்த வயலிலிருந்து விதைக்கரணை எடுக்கக்கூடாது.

பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கண்டறிய வயலில் பரவலாக 20 பச்சைக் காய்களைப் பறித்து, பலகையில் வைத்து அறுத்துப் பாருங்கள். இரண்டு காய்களில் உயிருள்ள புழு இருந்தால் பத்து சதவீதம் ஆகிறது. அது கட்டுப்பாட்டு நடவடிக்கை தேவைப்படும் நிலை.

கத்தரி, தக்காளிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடினால், வேருக்கு மேலுள்ள தண்டில் ஒரு விரல் நீளத்துண்டை அறுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, துண்டின் வெட்டு முனை நீரில் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற இழைகள் கீழிறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாண வாடலில் இப்படி வராது. பாக்டீரியா வாடலுக்குப் பூஞ்சாணக் கொல்லி தெளிப்பது வீண் செலவு என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும்.

கத்தியே நோய் பரப்பலாம்

நோயுற்ற செடியை அறுத்த கத்தி அடுத்த செடியைத் தொடும்போது சாற்றோடு நோயும் போகிறது. பாக்டீரியா வாடல், புகையிலை, தக்காளி, மிளகாய்ப் பயிர்களைத் தாக்கும் புகையிலைத் தேமல் நச்சுயிரி, கரும்பின் மறுதாம்புக் குட்டை நோய் ஆகியவை வெட்டுக்கருவிகள் வழியாகப் பரவக்கூடியவை. இதற்குக் கீழ்க்கண்ட முறைகளைக் கையாள வேண்டும்.

முதலில் நல்ல செடிகளில் வேலையை முடித்துவிட்டு, நோயுற்ற செடிகளைக் கடைசியில் தொடுங்கள். நோயுற்ற செடியை அறுத்ததும் அலகில் உள்ள சாற்றையும் பிசினையும் முதலில் துணியால் துடைத்து எடுங்கள். அழுக்கு இருக்கும்போது எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு 70 சதவீத ஆல்கஹால் கொண்ட திரவத்தில் துணியை நனைத்து அலகின் இரு பக்கங்களையும் துடைத்துக் காய விடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், பீடி, அடுப்பு அருகில் வேண்டாம். தேமல் நோய் கண்ட இடத்தில் ஆல்கஹால் போதாது. சோப்பு நீரில் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். கையையும் அவ்வாறே கழுவ வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பு நீரும் கிருமியை அழிக்கும். ஆனால் எஃகை அரிக்கும் என்பதால் அதன்பின் நல்ல நீரில் அலசித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

உணவும் மருந்தும் ஒரே கத்தியில் கூடாது

பூச்சிமருந்துப் பொட்டலத்தைக் கீறிய கத்தியாலேயே நண்பகலில் வெங்காயமும் மாங்காயும் நறுக்கும் வழக்கம் கவலை தருவது. அலகின் வாயில் மட்டுமல்ல, பிடியின் பள்ளத்திலும் ரிவெட் சந்திலும் மருந்து தங்கும். துடைத்தால் போகாது. பூச்சிமருந்துப் பொட்டலம் திறக்க ஒரு பழைய கத்தரிக்கோலைத் தெளிப்பானோடு கட்டி வைத்துவிடுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது.

அதேபோல் கன்றின் தொப்புள்கொடியை அறுக்கவும், மாட்டின் கட்டியைக் கீறவும் மடிக்கத்தி உகந்ததல்ல. தொப்புள்கொடிக்குப் புது பிளேடும் அயோடின் டிங்சரும் வேண்டும். கட்டிக்குக் கால்நடை மருத்துவர் வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்றினால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை தவறானது. கீறுவதால் இரத்தப்போக்கும் சீழும்தான் மிஞ்சும். கடிபட்டவரை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தீட்டுதலும் பராமரிப்பும்

மழுங்கிய கத்தியே அதிக ஆபத்தானது. அதிகம் அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்கி விரலில் பாய்கிறது. இரும்புக் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான கார்போரண்டம் கல் கிடைக்கும். அதை நனைத்து, அசையாதபடி ஈரச் சாக்கின் மீது வைக்கவும். அலகைக் கல்லின் மீது செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதியாகச் சாய்த்து, மீண்டும் பாதியாகச் சாய்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 22 பாகை. அந்தச் சாய்விலேயே வைத்து, மெல்லிய தோலைச் சீவி எடுப்பதுபோல் வாய் முன்னே செல்லும்படி தள்ள வேண்டும். ஒரு பக்கம் தீட்டியபின் மறுபக்கத்தில் விரலை வாயிலிருந்து விலகிய திசையில் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிசிறு வாய் நெடுக வந்தபின் மறுபக்கம் திருப்பவும். முடிவில் வழவழப்பான பக்கத்தில் லேசாக நாலு தடவை தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கூர்மையைக் காகிதத்தை அறுத்துச் சோதிக்கவும், கட்டைவிரலால் அல்ல.

மோட்டார் சாணையில் கொடுப்பதைத் தவிர்க்கவும். சூடு ஏறி அலகின் ஓரம் நீல நிறமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். சுமார் 300 பாகை செல்சியஸில் இந்த நிறம் தோன்றும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. சாணை பிடித்தே ஆக வேண்டுமென்றால் அடிக்கடி நீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.

அன்றாடம் மாலையில் அலகையும் பிடியின் பள்ளத்தையும் துடைத்து உலர வைக்கவும். வாரம் ஒருமுறை ரிவெட் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நான்கு தடவை திறந்து மூடவும். உணவுக்கும் பயன்படுத்தும் கத்தியானால் தேங்காய் எண்ணெய் போதும். அது நாளடைவில் பிசுக்காகும் என்பதால் இடையிடையே வெந்நீரில் அலசி மறுபடி விட வேண்டும்.

காயம் பட்டால்

வயல் மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி உண்டு. சிறு காயமானாலும் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எதையும் வைக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேட்டுப் போட்டுக்கொள்ளவும். விரலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போனாலும், நுனி மரத்துப்போனாலும் தசைநாரோ நரம்போ அறுபட்டிருக்கலாம். இரத்தம் நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலம் கடந்தால் விரலைச் சரிசெய்வது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த 2016ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதற்கு விலக்கு. மூன்று அங்குல மடக்குக் கத்தி இந்த அளவுக்கு வெகு கீழே உள்ளது. எனினும் பொத்தானைத் தொட்டால் விசையால் பாயும் கத்திகளை வாங்க வேண்டாம். விவசாயத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையம் செல்லும்போது கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாய்ச்சண்டை நடக்கும் இடத்தில் கத்தி மடியை விட்டு வெளியே வரவே கூடாது.

சுருக்கமாக

மூன்று அங்குல அலகு, காந்தம் ஒட்டும் எஃகு, ‘டக்’ என்று நிற்கும் ஸ்பிரிங், ஆடாத ஆணி, பளிச்சென்ற நிறப்பிடி ஆகிய ஐந்தையும் பார்த்து வாங்குங்கள். இழுத்து அறுங்கள், குத்த வேண்டாம். நோயுற்ற செடியைத் தொட்டபின் துடையுங்கள். மருந்துப் பொட்டலத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை தீட்டுங்கள். அடுத்த சந்தை நாளில் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், எந்தக் கத்தியை எடுக்கக்கூடாது என்பதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம்.